படிக்கிற மேசைக்கு எல்இடி பல்பா, மூடி போட்ட பேட்டனா?

போன ஆவணியில் மகளின் மேசைக்கு மேலிருந்த பழைய ட்யூப்லைட்டின் சோக் எரிந்துபோனது. அவசரத்துக்கு ஒரு 12 வாட் எல்இடி பல்பை மாட்டினேன். இரண்டு வாரத்தில், “தலை வலிக்குதுப்பா, கண்ணும் எரியுது” என்றாள். “அந்த வெள்ளை வெளிச்சம் கண்ணையே கெடுத்துடும், கழட்டுங்க மாப்ள” என்று மாமியார் சேர்ந்துகொண்டார். கழற்றிவிட்டு, பால் நிற மூடி போட்ட 20 வாட் எல்இடி பேட்டன் (ட்யூப்லைட் போல நீளமான எல்இடி விளக்கு) வாங்கினேன்.

மாமியார் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள். உச்சி வெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். படிக்கிற மேசைக்கு 500 லக்ஸே தாராளம். வெள்ளை எல்இடி என்பது நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் என்ற பொடியைப் பூசியதுதான். நீலம் இருக்கிறது, ஆனால் வீட்டு விளக்கில் விழித்திரையைச் சுடுகிற அளவுக்கு இல்லை. வெல்டிங் பொறியை வெறும் கண்ணால் பார்த்துவிட்டு ராத்திரி கண்ணில் மண் விழுந்ததுபோலத் துடிப்பது வேறு கதை; அது புற ஊதாக் கதிரின் வேலை.

விலையில் பல்புதான் மலிவு. கண் கூசாமல் இருப்பதில் பேட்டன் மேல்: பல்பில் ஒரே இடத்தில் குவியும் வெளிச்சம் இதில் நான்கடி நீளத்துக்குப் பரவிவிடுகிறது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது சிமிட்டல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சுற்றுக்கு டிரைவர் என்று பெயர். மின்சாரத்தைச் சரியாகச் சமன் செய்யாத டிரைவர் உள்ளே இருந்தால் வெளிச்சம் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் சிலருக்குத் தலைவலியும் கண் அயர்ச்சியும் வரும். காப்பர் சோக் போட்ட ட்யூப்லைட்டிலும் இதே தொல்லை உண்டு. செலவு மிச்சம் பிடிக்கிறவர்கள் முதலில் கைவைப்பது டிரைவரில் அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கெபாசிட்டரில்தான். சோதிக்க ஒரு பென்சில் போதும். விளக்கடியில் வேகமாக ஆட்டினால், சிமிட்டும் வெளிச்சத்தில் பத்துப் பென்சில் தனித்தனியாகத் தெரியும். சீரான வெளிச்சத்தில் வெறும் மங்கல் தீற்றல்தான். என் பல்பில் விசிறிபோல விரிந்தது. பேட்டனில் தீற்றல் மட்டுமே.

அதற்காகப் பல்பு என்றாலே மோசம் என்று சொல்லவில்லை. நல்ல டிரைவர் உள்ள பல்பு சிமிட்டாது, மட்டமான பேட்டன் சிமிட்டும். கடையிலேயே எரியவிட்டு ஆட்டிப் பாருங்கள், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாலும் சரி.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் எண்ணில் போட்டிருப்பார்கள்; நான் 4000 கெல்வின் எடுத்தேன். 6500 நீலம் கூடியது. ராத்திரி வெகுநேரம் அதனடியில் உட்கார்ந்தால் தூக்கம் தள்ளிப்போகும்.

மகளுக்குத் தலைவலி நின்றுவிட்டது. ஆனால் அதே வாரத்தில் காலாண்டுப் பரீட்சையும் முடிந்தது, மேசையையும் ஜன்னலோரம் நகர்த்தினேன். எல்லாப் பெருமையையும் பேட்டனுக்கே கொடுக்க மனசு வரவில்லை. மாட்டி ஏழு மாதம்தான் ஆகிறது. சூட்டில் கெபாசிட்டர் காய்ந்தால் இதுவும் சிமிட்டத் தொடங்கலாம் என்பதால், அவ்வப்போது அவள் பென்சிலை வாங்கி ஆட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.