35 வெள்ளி ரேடியோவும் 83 மணி நேரமும்

பெட்டியில் கம்பெனிப் பெயர் என்று ஒன்றும் இல்லை. ஆரஞ்சு நிறம், பாதிச் செங்கல் அளவு, ‘எமர்ஜென்சி ரேடியோ’ என்று ஆங்கிலத்திலும் சீனத்திலும் ஓர் அச்சு, அவ்வளவுதான். சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கடையில் 38 வெள்ளி (டாலர்) சொன்னார்கள், 35-க்கு முடித்தேன். பக்கவாட்டில் மடங்கியிருக்கும் கைப்பிடியை இழுத்துச் சுற்றினால் ஓடும். முதுகில் உள்ள சோலார் தகட்டை வெயிலில் காட்டினால் ஓடும். போன் சார்ஜர் வயரிலும் ஓடும். டார்ச் உண்டு. சிவப்புப் பட்டனை அமுக்கினால் சைரன் அலறும். பேத்தி அமுக்கினாள், எதிர்வீட்டு மலாய் அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஆகவே அது வேலை செய்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

“ஈசூன்ல பன்னிரண்டாவது மாடியில இருந்துக்கிட்டு இது எதுக்கு உங்களுக்கு?” என்றாள் வீட்டுக்காரி. நியாயமான கேள்வி.

முப்பது வருஷம் கப்பலில் எலெக்ட்ரிகல் ஆபீசராக இருந்தவன் நான். 2025 அக்டோபர் கடைசியில் மெலிசா புயல் கரீபியன் கடலில் சுழன்றபோது, பழக்கதோஷத்தில் நாள் முழுக்கப் போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்டோபர் 28 அன்று அது உச்ச அளவான ஐந்தாம் நிலைப் புயலாக ஜமைக்காவில் ஏறியது. எல்லார் கண்ணும் ஜமைக்கா மேல். ஆனால் கிழக்கே, புயலின் கண் தொடவே தொடாத ஹெய்ட்டியில், பெத்தி-கொவாவ் ஊரில் லா டீக் ஆறு கரையை உடைத்து 20-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோய்விட்டது. அதில் பலர் குழந்தைகள். வரைபடத்தில் வரும் கூம்பு புயலின் நடுப்புள்ளி எங்கே போகும் என்பதை மட்டுமே காட்டும். மழை எங்கே கொட்டும் என்று அது சொல்லாது. ஆமை வேகத்தில் நகரும் புயல் என்றால் மழை நாள் கணக்கில் பெய்யும். அடுப்புக்கரிக்காக மரத்தை வெட்டி மொட்டையாக்கிய மலை தண்ணீரைப் பிடித்து வைக்காது, மொத்தமாக ஆற்றில் தள்ளும்.

லா டீக் என்ற பெயரைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆற்றை எனக்கு முன்னமே தெரியும்.

2016 செப்டம்பரில் எங்கள் கப்பல் ஹெய்ட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரான்ஸில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. தின்கிற அரிசியில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிற நாடு அது. கப்பல் ஏணியருகே இரவுக் காவலுக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் வருவார், ஐம்பது வயதிருக்கும். மடியில் எப்போதும் ஒரு கறுப்பு ரேடியோ. பின்மூடி இல்லை, இரண்டு பெரிய பேட்டரிக்கட்டைகளைச் சைக்கிள் டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டியிருந்தார். ஒரு நாள் அது பேச மறுத்தது. சட்டைப்பையில் டெஸ்டர் வைத்திருக்கும் ஆளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்தானே, என்னிடம் நீட்டினார். பேட்டரி உட்காரும் ஸ்பிரிங் துருவேறி இற்றுப்போயிருந்தது. பழைய டார்ச் ஒன்றின் ஸ்பிரிங்கை வெட்டிப் பற்றவைத்தேன். பத்து நிமிஷ வேலை.

எந்த ஊர் என்று சைகையில் கேட்டேன். “ஓக்காய்” என்றார். நான் சரி என்கிறார் போல என்று தலையாட்டினேன். மறுபடியும் “ஓக்காய்” என்றார். மூன்றாவது முறை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் புரிந்தது, தென்கடற்கரையில் லெ காய் என்று அச்சிட்டிருக்கும் ஊரைத்தான் அவர்கள் பேச்சில் அப்படிச் சொல்கிறார்கள். மறுநாள் இரவு கூலியாக ஒரு கைப்பிடி வேர் கொண்டுவந்தார். முகர்ந்தேன். எங்கள் பாட்டி மண்பானைத் தண்ணீரில் போடுகிற அதே வாசம். “வெட்டிவேர்!” என்றேன். அவர் கண் விரிய, “வெத்திவே! வெத்திவே!” என்றார். எனக்குப் பிரெஞ்சு வராது, கிரியோல் வராது. அவருக்குத் தமிழ் வராது. இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு சொல்தான். உலகத்து வாசனைத் திரவியக்காரர்களுக்கு வெட்டிவேர் எண்ணெய் அதிகம் போவது ஹெய்ட்டியின் அந்தத் தென்பகுதியிலிருந்துதான் என்பதையும், பிரெஞ்சுக்காரன் அந்தச் சொல்லையே நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டான் என்பதையும் நான் பிறகுதான் படித்தேன்.

செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை, கப்பல் கிளம்பியது. அன்றிரவு மேத்யூ புயல் ஐந்தாம் நிலைக்குப் போனது. நாங்கள் கியூபாவுக்குத் தெற்கே மேற்கு நோக்கி ஓடினோம். கப்பலை ஓட்டும் மேல்தள அறையில், ரேடியோவில் வரும் வானிலை எச்சரிக்கையை அச்சடிக்கும் நாவ்டெக்ஸ் கருவி ரசீது போல நீளநீளமாகக் காகிதம் துப்பிக்கொண்டே இருந்தது. அக்டோபர் 4, செவ்வாய் காலை ஏழு மணி வாக்கில், மணிக்கு 230 கிலோமீட்டருக்கும் மேலான காற்றோடு புயல் லெஸாங்லே என்ற ஊருக்கருகே கரையேறியது. லெ காய்க்கு மேற்கே, அதே கடற்கரை. 1964-இல் வந்த கிளியோவுக்குப் பிறகு ஹெய்ட்டியில் நான்காம் நிலையில் ஏறிய முதல் புயல். தலைநகரையும் தெற்கையும் இணைக்கும் பெத்தி-கொவாவ் பாலத்தை லா டீக் ஆறு அடித்துக்கொண்டு போனது. போனும் இல்லை, சாலையும் இல்லை. அரசாங்கக் கணக்குப்படி 546 பேர் இறந்தார்கள்.

அந்த ஸ்பிரிங் தாக்குப்பிடித்ததா என்று எனக்குத் தெரிய வழியே இல்லை.

சரி, ரேடியோவுக்கு வருகிறேன். மேத்யூ ஐந்தாம் நிலையானதிலிருந்து கரையேறியது வரை கிட்டத்தட்ட மூன்றரை நாள். அதையே பரீட்சையாக வைத்தேன். வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு டார்ச்சை எரியவிட்டுப் பேட்டரியைக் காலி செய்துவிட்டுத் தொடங்கி, செவ்வாய் காலை 7 மணி வரை, மொத்தம் 83 மணி நேரம், சுவரில் செருகுவதில்லை. கை, வெயில், இரண்டு மட்டும்.

கைப்பிடி: ஒரு நிமிஷம் சுற்றினால் 12 நிமிஷம் பாடும் என்கிறது பெட்டி. விநாடிக்கு இரண்டு சுற்று வீதம் 120 சுற்று சுற்றினேன், சத்தத்தைக் குறைத்து வைத்தும் 6 நிமிஷம்தான். மூன்று நிமிஷத்துக்கு மேல் மணிக்கட்டு கெஞ்சுகிறது. கைப்பிடி குட்டை, சுண்டுவிரலுக்கு இடமில்லை. சத்தம் வேறு. திங்கட்கிழமை இரவு இரண்டு மணிக்குச் சமையலறையில் நின்று சுற்றிக்கொண்டிருந்தபோது, “என்னங்க, காப்பிக்கொட்டை அரைக்கிறீங்களா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சோலார்: சனிக்கிழமை நல்ல வெயில். காலை 9 முதல் மதியம் 1 வரை துணி காயப்போடும் ஜன்னலில் வைத்து, 50 நிமிஷம் கேட்கக் கிடைத்தது. ஞாயிறு முழுக்க மழை, ஒரு நிமிஷம்கூடத் தேறவில்லை. புயல் வருகிற நாளில் வெயில் எங்கிருந்து வரும்? முதுகில் தகடு ஒட்டுகிற செலவில் கைப்பிடியை அரை அங்குலம் நீட்டியிருக்கலாம்.

போனுக்குச் சார்ஜ் ஏற்றலாம் என்று போட்டிருப்பது ஏமாற்று வேலை. ஐந்து நிமிஷம் சுற்றியும் ஒரு சதவீதம் ஏறவில்லை.

குமிழில் ‘டபிள்யூபி’ என்று ஒரு நிலை இருக்கிறது. வானிலை அலைவரிசை என்று கடைக்காரர் பெருமையாகக் காட்டினார். அது அமெரிக்க வானிலைத் துறையின் ஒலிபரப்பு, 162 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வரும். சிங்கப்பூரில் கொர்ரென்ற இரைச்சல்தான். போர்ட்டோ ரிக்கோவில் கேட்கும், அமெரிக்காவின் சொந்தத் தீவல்லவா. அந்தக் கடலிலேயே ஏழை நாடான ஹெய்ட்டிக்கு அந்த நிலையம் கிடையாது, அங்கேயும் இதே கொர்ர்தான். எஃப்எம் மட்டும் பழுதில்லை. வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுச் சுவர்க் கான்கிரீட் கொஞ்சம் தின்கிறது. ஆனால் ஜன்னலோரம் வைத்து ஏரியலை முழுசாக இழுத்தால் தமிழ் வானொலியான ஒலி 96.8 கணீரென்று வருகிறது. செய்தி வாசிப்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

ஞாயிறு மாலை ஒரு விபத்து. அடுப்புமேடையிலிருந்து விழுந்தது, அதாவது பேத்தி தள்ளினாள். ஏரியல் அடியில் ஆடத் தொடங்கி, சத்தம் போய்ப் போய் வந்தது. நான்கு திருகாணியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒற்றை லித்தியம் பேட்டரி, வெள்ளைப் பிளாஸ்டிக்கில் மூன்று பல்சக்கரம், நாணய அளவில் ஒரு டைனமோ. ஏரியல் வயர் ஈயம் பிடிக்காமல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. பற்றவைப்பு இரும்பு உள்ளவனுக்கு இரண்டு நிமிஷ வேலை, இல்லாதவனுக்கு 35 வெள்ளி தண்டம். பிறகு கடையில் சொன்னபோது, “அங்கிள், திறந்துட்டீங்க, இனி வாரண்டி இல்லை லா” என்றார். திறக்காமல் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் படலாம் என்கிறது பெட்டி. தகரக்கூரை பறந்த வீட்டில் தண்ணீர் படாமல் எப்படி இருக்கும் என்று ஒரு குவளை மேலே ஊற்றினேன். நிற்கவில்லை, பேசியது, ஆனால் ஜலதோஷம் பிடித்த குரலில். காற்றாடி முன்னால் அரை நாள் வைத்த பிறகு தொண்டை சரியானது. இந்த ஒரு விஷயத்தில் என் மதிப்பு கூடியது.

செவ்வாய் காலை 7 மணிக்கு உயிரோடு இருந்தது. மொத்தம் 41 நிமிஷம் சுற்றியிருக்கிறேன், வெயிலையும் சேர்த்து 5 மணி நேரம் கேட்டிருக்கிறேன். மணிக்கொரு முறை ஐந்து நிமிஷச் செய்தி கேட்பதென்றால் 83 மணி நேரத்துக்கு ஏழு மணி நேரம் வேண்டும். தூங்குகிற நேரத்தைக் கழித்தால் கணக்கு நேராகிவிடுகிறது, ஆனால் ஆற்றோரத்தில் இருப்பவர் எந்த நேரத்தைக் கழிப்பார்?

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். முதலில் நான்கு போட்டிருந்தேன். ஏரியல் வயர் ஒன்றைத் தின்றுவிட்டது.

ஹெய்ட்டியில் வீட்டுக்கு வீடு இப்படி ஒன்று இருந்திருந்தால் மட்டும் போதுமா என்று மகன் கேட்டான். போதாதுதான். 2016-இல் ஒலிபெருக்கியோடு ஆட்கள் போய்ச் சொன்னார்கள். வீட்டை விட்டால் ஆட்டையும் சட்டிபானையையும் திருடிவிடுவார்கள் என்று பலர் அசையவில்லை. அதே புயல் அதே செவ்வாய் மாலை கியூபாவின் கிழக்கு முனையில் ஏறி பாரகோவா நகரத்தை நொறுக்கியது. அங்கே லட்சக்கணக்கானோரை முன்கூட்டியே நகர்த்திவிட்டிருந்தார்கள், இறந்தவர்கள் 4 பேர். ரேடியோ ‘கிளம்பு’ என்று சொன்னால், ஏற பஸ்ஸும் ஒதுங்கக் கட்டடமும் இருக்க வேண்டும். 2025-இல் ஹெய்ட்டியில் ஆயுதக் கும்பல்களுக்குப் பயந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே வீடிழந்து கிடந்தார்கள். அவர்களை இன்னும் எங்கே கிளம்பச் சொல்வது? இதற்கெல்லாம் ஆரஞ்சுப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது.

நமக்கு எதற்கு என்பவர்களுக்கு ஒரு தகவல். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் புயல் உருவாகாது என்றுதான் நாங்களும் படித்தோம். 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் பக்கத்து ஜொகூரிலேயே கரையேறியது. அதோடு, பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு தினத்தன்று மாலை 6.20-க்குச் சைரன் ஒலிக்கிறதே, அதைக் கேட்டால் உள்ளூர் எஃப்எம் ரேடியோவைத் திருப்ப வேண்டும் என்றுதான் குடிமைத் தற்காப்புப் படை சொல்கிறது. உங்கள் வீட்டில் ரேடியோ எங்கே இருக்கிறது? எங்கள் புளோக்கில் பத்து வீட்டில் கேட்டேன். இரண்டு வீட்டில் இருந்தது, அதில் ஒன்று என்னுடையது.

கடையில் இன்னும் நான்கு பெட்டி கண்ணாடி அலமாரியில் இருந்தன. வாங்குபவர்கள் சைரனில் மயங்க வேண்டாம். ஏரியலை முழுசாக இழுத்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள், கரகரத்தால் அடுத்ததை எடுங்கள். கைப்பிடியை அங்கேயே நின்று ஒரு நிமிஷம் சுற்றுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. முப்பதுக்குக் கேளுங்கள்.