பில்லில் புது பார்ட்ஸ், சைக்கிளில் பழசு: கார்பன் பைக்கை சர்வீஸுக்கு விடும் முன் படியுங்கள்

ரோடு பைக் ஓட்டும் நண்பர்களுக்கு, முக்கியமாகக் கார்பன் ஃபைபர் பிரேமும் கார்பன் சீட் போஸ்ட்டும் (சீட்டைத் தாங்கும் குழாய்) வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. தென் சென்னையில் நம்மில் பலரும் போய்வரும் ஒரு கடையில் என் சைக்கிளை ஃபுல் சர்வீஸுக்கு விட்டேன். பில் 14,800 ரூபாய். அதில் எழுதியிருந்த வேலைகளில் செயின் மாற்றியது ஒன்றுதான் ஒழுங்காக நடந்தது. மாற்றியதாகச் சொன்ன கேசட் (பின்சக்கரத்தின் பற்சக்கர அடுக்கு) பழசு. மாற்றியதாகச் சொன்ன பாட்டம் பிராக்கெட்டை (பெடல்கள் சுழலும் அச்சைத் தாங்கும் பேரிங்) தொடவே இல்லை. தொட்ட சீட் போஸ்ட்டில் விரிசல். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில் டீ குடிக்கும்போது நாம் புலம்பாத விஷயமே கிடையாது. போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று. உத்தண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் சனிக்கிழமை ராத்திரி உடைந்த பாட்டில் துண்டுகள். ஜிபிஎஸ் வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்று ஒருவர், "ஆயிரம் கிராம் குறைக்க லட்ச ரூபாய் செலவு பண்ணிட்டு ரெண்டு செட் பூரி சாப்பிடுறியே மாப்ள" என்று இன்னொருவர். இதெல்லாம் சேர்ந்து ஓட்டுவதன் சந்தோஷம். கடைகளைப் பற்றியும் அதே தொனியில்தான் பேசிச் சிரித்துவிட்டுக் கலைகிறோம். "அவன் அப்படித்தான் ஜி, விடுங்க" என்று முடித்துவிடுகிறோம். இந்த விஷயத்தை அப்படி விட முடியாது. லாரி ஓடும் ரோட்டில், மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சீட் போஸ்ட் முறிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

என் பைக் 2018 மாடல். கியர், கிராங்க் எல்லாம் ஷிமானோ கம்பெனியின் அல்டெக்ரா ஆர்8000, 11 ஸ்பீடு, அதாவது பின்னால் 11 பற்சக்கரங்கள். பெடலை அழுத்தினால் கீழிருந்து ஒரு கிறீச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஈ.சி.ஆரில் தொடர்ந்து ஓட்டினால் உப்புக்காற்றும் மணலும் பேரிங்கைத் தின்றுவிடும், அதனால் பாட்டம் பிராக்கெட்டை மாற்றச் சொன்னேன். செயின் தேய்ந்திருந்தது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கொஞ்சம் நிம்மதியாக ஏறலாம் என்று 11-28 கேசட்டுக்கு (சின்னச் சக்கரத்தில் 11 பல், பெரியதில் 28) பதில் 11-30 போடச் சொன்னேன். நான்காவதாக, கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் கை) சோதித்துத் தரச் சொன்னேன். எல்லாவற்றையும் வாட்ஸப்பில் எழுதியே அனுப்பினேன். "ஓகே சார், பண்ணிடலாம்" என்று பதிலும் வந்தது.

அந்தக் கிராங்க் சோதனை எதற்கு என்று தெரியாதவர்களுக்காக: 2023 செப்டம்பரில் ஷிமானோ ஒரு பரிசோதனைத் திட்டத்தை அறிவித்தது. 11 ஸ்பீடு டூரா ஏஸ், அல்டெக்ரா கிராங்குகளில் இரண்டு பாதிகளைப் பசையால் ஒட்டித்தான் ஒரு கை செய்தார்கள். அந்த ஒட்டு விட்டுப்போய்க் கிராங்க் பிரிந்த சம்பவங்கள் நடந்தன. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட அறிவிப்பில் 4,500-க்கு மேற்பட்ட சம்பவங்களும் ஆறு பேருக்குக் காயமும் பதிவாகியிருந்தன. 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரான கிராங்குகள் இதில் வரும். கிராங்க் கையின் உட்புறம் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். கேஎஃப் (KF) முதல் ஆர்எஃப் (RF) வரை இருந்தால் சோதிக்க வேண்டிய வரிசை. என்னுடையது க்யூசி, அதாவது 2018 மார்ச். நம் குரூப்பிலேயே செகண்ட் ஹேண்டில் அல்டெக்ரா பைக் வாங்கியவர்கள் இந்த எழுத்துகளை ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

சரி, வண்டி கைக்கு வந்தது. பளபளவென்று கழுவி, பார் டேப்கூடத் துடைத்துக் கொடுத்திருந்தார்கள். முட்டுக்காடு பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்ததும் செயின் கடக் கடக் என்று குதித்தது. பின்பக்கச் சின்னப் பற்சக்கரங்களில் மட்டும் அப்படி. புது செயின், புது கேசட் என்றால் இது நடக்காது. பழைய கேசட்டின் பற்கள் பழைய செயினின் நீளத்துக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். அதில் புது செயினைப் போட்டால், அதிகம் ஓட்டிய சக்கரங்களில்தான் முதலில் குதிக்கும்.

ஓரமாக நிறுத்திப் பெரிய சக்கரத்தின் பற்களை எண்ணினேன். 28. பில்லில் இருந்தது 11-30. இதில் வாதாடவே ஒன்றும் இல்லை, பல்லை எண்ணினால் முடிந்தது. என் பழைய கேசட்டையே டீகிரீசரில் ஊறவைத்துக் கழுவி, மறுபடி மாட்டிவிட்டு, புதுசுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

அதே ரைடில் முழங்கால் அதிகம் மடங்குவது போலவும் இருந்தது. சீட்டின் உயரம் தெரிய, சீட் போஸ்ட்டில் பிரேமை ஒட்டிக் கறுப்பு எலெக்ட்ரிக்கல் டேப் சுற்றி வைப்பது என் வழக்கம். அந்த டேப்பே கண்ணில் படவில்லை. போஸ்ட் அரை அங்குலத்துக்கு மேல் உள்ளே இறங்கி, டேப் பிரேமுக்குள் போயிருந்தது.

வீட்டுக்கு வந்து, போஸ்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தப் பார்த்தேன். கிளாம்ப்பின் மேலேயே "அதிகபட்சம் 5 நியூட்டன் மீட்டர்" என்று அச்சாகியிருக்கிறது. டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) 5 வைத்து இறுக்கிப் பழகியவர்களுக்குத் தெரியும், அது சுண்டுவிரல் கனம்தான், க்ளிக் என்றதும் நிறுத்திவிட வேண்டும். இதைத் தளர்த்த நீள அலென் கீயை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. போஸ்ட்டை உருவியதும் கையெல்லாம் கிரீஸ்.

கார்பன் போஸ்ட்டுக்குச் சாதாரண கிரீஸ் போடக் கூடாது. மணல் போன்ற துகள்கள் கலந்த கார்பன் பேஸ்ட் என்று தனியாக இருக்கிறது. அதுதான் லேசான இறுக்கத்திலேயே போஸ்ட் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். கிரீஸ் போட்டால் வழுக்கும். வழுக்கியது என்று மெக்கானிக் இன்னும் இறுக்கியிருக்கிறார். அலுமினியமாக இருந்தால் அமுங்கும், வளையும். கார்பன் அப்படி முன்கூட்டி எதையும் காட்டாது. உள்ளே இழைகள் நொறுங்கிக்கொண்டே வந்து, ஒருநாள் திடீரென்று முறியும். துணியால் துடைத்துவிட்டு டியூப் லைட் அடியில் திருப்பிப் பார்த்தேன். கிளாம்ப் உட்கார்ந்திருந்த இடத்தில், தலைமுடி கனத்தில், போஸ்ட்டைப் பாதிச் சுற்று சுற்றி ஒரு கோடு. நகத்தை வைத்து இழுத்தால் நகம் மாட்டியது. பெயின்ட் கீறல் என்றால் நகம் வழுக்கிக்கொண்டு போகும், மாட்டாது. நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். மற்ற இடங்களில் டிக் டிக் என்று கணீரென்று கேட்ட சத்தம், அந்த இடத்தில் மட்டும் மொத்தையாகக் கேட்டது.

அப்புறம் பாட்டம் பிராக்கெட். கிறீச் சத்தம் அப்படியே இருந்தது. இடதுபக்கக் கிராங்கில் இரண்டு போல்ட்கள் உண்டு. அவற்றைத் தளர்த்தாமல் கிராங்கைக் கழற்ற முடியாது, கிராங்கைக் கழற்றாமல் பாட்டம் பிராக்கெட்டை மாற்ற முடியாது. அந்த இரண்டு போல்ட்களின் தலையிலிருந்து கிராங்க் கை வரை, என் மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். போல்ட் தானாகத் தளர்கிறதா என்று கண்ணால் பார்க்க இது எளிய வழி, நிறையப் பேர் செய்வதுதான். போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்துவிடும். சர்வீஸிலிருந்து வந்த வண்டியில் அந்தக் கோடு முடி அளவுகூட விலகவில்லை. அப்படியானால் பில்லில் "பிபி (பாட்டம் பிராக்கெட்) ரீப்ளேஸ்டு", "கிராங்க் இன்ஸ்பெக்டட்" என்ற இரண்டு வரிகளும் முழுப் பொய்.

எனக்கு அதிகம் கோபம் வந்தது அந்தக் கிராங்க் வரியைப் பார்த்துத்தான். கேசட் திருட்டு பணத்தோடு போகிறது. ஒட்டு விட்டுப் பிரியக்கூடிய ஒரு கிராங்கைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதிக் கொடுப்பவர், அதை நம்பி இன்னொருவன் தன் முழு எடையையும் அதன்மேல் வைத்து மிதிப்பான் என்பதை நினைத்தே பார்க்கவில்லை.

மறுநாளே பில், போட்டோக்கள், போஸ்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். ஓனர் முதலில் நன்றாகத்தான் பேசினார்.

"கேசட் ஸ்டாக் இல்ல சார், பசங்க பில்ல மாத்த மறந்திருப்பாங்க. அதுக்குக் காசு திருப்பித் தந்துடுறேன்."

"பாட்டம் பிராக்கெட்?"

"அது மாத்தியாச்சு சார்."

"இந்தக் கோட்டைப் பாருங்க. போல்ட்டே திரும்பல. எப்படி மாத்துனீங்க?"

குனிந்து பார்த்தார். மெக்கானிக் பையனைக் கூப்பிட்டார். அவன் என் முகத்தைப் பார்க்காமலே, "கிளீன் பண்ணி லூப் (ஆயில்) மட்டும் அடிச்சேண்ணா" என்றான். அந்தத் தம்பியின் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. நாள் முழுக்க அத்தனை வண்டிகளைக் கொடுத்து, ஒரு டார்க் ரெஞ்சுகூட வாங்கித் தராமல், கார்பன் வேலை செய் என்றால் அவன் என்ன செய்வான்? சுவர் முழுக்கத் தேடினேன். ஸ்பேனர், அலென் கீ எல்லாம் வரிசையாகத் தொங்கின. டார்க் ரெஞ்ச் ஒன்றுகூட இல்லை.

சீட் போஸ்ட்டைக் காட்டியதும் ஓனரின் பேச்சே மாறிவிட்டது. "கார்பன்னா அப்படித்தான் சார். நீங்க ஓட்டிட்டு வந்து சொல்றீங்க, ஏற்கெனவே இருந்திருக்கும்." விடும் முன்பு எடுத்த போட்டோவைக் காட்டினேன். அதில் போஸ்ட் வெளியே எடுத்த நிலையில் இல்லாததால் செல்லாது என்றார். கேசட்டுக்கும் பாட்டம் பிராக்கெட்டுக்கும் பணம் வந்துவிட்டது. போஸ்ட்டுக்கு ஒரு பைசாவும் வரவில்லை, தவறு என்று ஒரு வார்த்தையும் வரவில்லை.

அதனால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இது சேவைக் குறைபாடு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் ஆணையத்தில் கட்டணமே கிடையாது, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போனால் போதும். பலர் "பில் வேண்டாம் அண்ணா, ஜிஎஸ்டி மிச்சம்" என்று விட்டுவிடுகிறார்கள். பில் தராமல் இருப்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. என்னிடம் அந்தப் பில் இல்லையென்றால் கேசட் காசுகூடத் திரும்பியிருக்காது.

இனி எந்தக் கடைக்குப் போனாலும், எவ்வளவு பழகிய இடமாக இருந்தாலும், கழற்றிய பழைய பார்ட்ஸை ஒரு கவரில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வண்டியை அங்கேயே திருப்பி எடுத்துவிடுங்கள். ஒழுங்கான மெக்கானிக்குக்கு இதில் ஒரு சங்கடமும் கிடையாது. அடையாறு பக்கம் ஒரு சின்னக் கடைக்கு இப்போது போகிறேன். அவர் நான் கேட்காமலே தேய்ந்த பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்து, "சுத்திப் பாருங்க, மணல் அரைக்கிற மாதிரி இருக்கா?" என்று கேட்டார். கிராங்கை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் ஒட்டுக்கோட்டைக் காட்டி, படமும் எடுக்கச் சொன்னார். அங்கே வேலைக்கூலி கொஞ்சம் அதிகம். மகிழ்ச்சியாகக் கொடுத்தேன்.

பில்லில் "செயின், கேசட்" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள், மாடல் நம்பரோடு எழுதச் சொல்லுங்கள். விடும் முன் போஸ்ட்டை உருவி, கிளாம்ப் இடத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள். ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பாகம்), ஹேண்டில்பார், சீட் கிளாம்ப் மூன்றையும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்குகிறார்களா என்று நேரில் கேளுங்கள். "எங்க கையே டார்க் ரெஞ்ச்தான் சார்" என்று சொன்னால், அந்தக் கையில் உங்கள் கார்பனைக் கொடுக்க வேண்டாம்.

300 கிலோமீட்டர் ப்ரெவேக்குத் தயாராகும் நண்பர்கள் நிறையப் பேர் இப்போது சர்வீஸுக்கு விடுவார்கள். 20 மணி நேரக் கெடுவில், ராத்திரி இருட்டில், சோர்ந்துபோய் ஓட்டும் ரைடு அது. அண்மையில் எந்தக் கடையிலாவது சீட் போஸ்ட்டைக் கழற்றி மாட்டியிருந்தால், கிளம்பும் முன் ஒருமுறை உருவித் துடைத்துப் பாருங்கள். கிரீஸ் இருந்தால் சுத்தமாகத் துடைத்துவிட்டுக் கார்பன் பேஸ்ட் போடுங்கள். நகம் மாட்டும் கோடு இருந்தால் அந்தப் போஸ்ட்டில் உட்கார வேண்டாம், படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதே கடையில் வேலை செய்த வண்டி என்றால் என் புகாரோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்கலாம். எந்தக் கடை என்று தெரிய வேண்டியவர்கள் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.