ஊதா நிறத்தோடு ஐந்து வருடம்

களுவாஞ்சிகுடியில் நாங்கள் நடத்தும் சிறிய லேபுக்கு செமி ஓட்டோ அனலைசர், அதாவது மருந்து கலந்த இரத்த மாதிரியின் நிறத்தை ஒளியால் அளக்கும் மெஷின், வந்து ஐந்து வருடமாகிறது. சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாம் இதில்தான் பார்க்கிறோம். எனக்கு அதிகம் பிடித்த வேலை இரத்தத்தில் மொத்தப் புரதமும், அதில் முக்கியமான புரதமான அல்புமினும் பார்ப்பது.

பையூரெட் கரைசலில் இருக்கும் செம்பு, புரதத்தின் பெப்டைட் பிணைப்புகளோடு சேர்ந்து ஊதா நிறமாகும். அந்த ஊதா 540 நானோமீற்றர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று மெஷின் அளக்கும். அல்புமினுக்குப் புரோமோகிரெசோல் கிரீன் என்ற சாயம். மஞ்சள் பச்சையாக மாறுவதை 630இல் வாசிப்போம். இதில் தாமதிக்கவே கூடாது. நேரம் போகப் போகக் குளோபுலின் என்ற மற்றப் புரதங்களும் சாயத்தில் ஒட்டி, அல்புமினைக் கூட்டிக் காட்டிவிடும். டைமர் இல்லாமல் நான் தொடுவதில்லை.

இரண்டாம் வருடம் கால் வீங்கிய ஒரு அம்மா வந்தார். சீரம், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் நீர், பால் மாதிரி இருந்தது. மொத்தப் புரதம் லீற்றருக்கு 78 கிராம். 60 முதல் 80 வரை சரியான அளவு என்பதால் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அல்புமின் 24தான். மிச்சம் 54ம் குளோபுலினா? மனம் ஒப்பவில்லை. அதே சீரத்தைப் பையூரெட் இல்லாமல் சேலைனில் கலந்து 540இல் வைத்துப் பார்த்தேன். கலங்கலே ஒளியை மறித்திருந்தது. அதைக் கழித்ததும் 58. அப்புறம் டொக்டர் சிறுநீரைப் பார்க்கச் சொன்னார். புரதம் நிறையப் போய்க்கொண்டிருந்தது. சிறுநீரகம் அப்படிப் புரதத்தை இழக்கும்போது இரத்தத்தில் கொழுப்பு ஏறும். பால் நிறம் அதனால்தான். அன்றிலிருந்து கலங்கிய சீரம் எதையும் பிளாங்க், அதாவது மருந்து சேர்க்காத இந்த வாசிப்பு, வைக்காமல் விடுவதில்லை.

குறை என்றால் மாரிகாலம். ஈரம் ஏறி ஒளி வடிகட்டியில் பூஞ்சணம் பிடித்து, ஒரு மாரியில் கொன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த மாதிரி) வாசிப்பு நாளுக்கு நாள் நழுவியது. விற்றவர்கள் ஆள் அனுப்ப மூன்று வாரம் எடுத்தார்கள். அதுவரை புரதப் பரிசோதனையை நிறுத்திவைத்தோம். இப்போது சிலிக்கா ஜெல் பைகளை மாதாமாதம் மாற்றுகிறேன். பல்ப் பழசானாலும் வாசிப்பு ஆடும். ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். கரண்ட் ஏறி இறங்குவதற்கு யூபிஎஸ் கட்டாயம். காலையில் போட்டதும் இருபது நிமிடம் சூடாக விடுங்கள்.

சிறிய லேபுக்கு இதை வாங்கலாம் என்றே சொல்வேன். மருந்து சேர்த்த குழாயை மெஷினில் வைக்குமுன் வெளிச்சத்தில் பிடித்து ஊதாவைக் கண்ணாலும் பார்க்கிறேன், இன்றைக்கும்.