படகைக் குளிர்காலத்துக்கு மூடிவைக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: எனக்கு நடந்தது

பில்லில் ஆறு வரி இருந்தது. இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியது, கியர் ஆயில் மாற்றியது, கூலிங் தண்ணீர் வடித்தது, ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) ஆறு கேன், ஃபாகிங் ஆயில் (துருப்பிடிக்காமல் இருக்க சிலிண்டருக்குள் அடிக்கும் எண்ணெய்), பேட்டரியைக் கழற்றி சார்ஜ் போட்டது. ஆறுக்கும் முழுப் பணம் கட்டினேன். ஆறில் ஒன்றைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை என்பது குளிர்காலம் முடிந்து டார்ப்பாலினை அவிழ்த்த பிறகுதான் தெரிந்தது. இதைப் படிக்கும் யாராவது இந்த வருஷம் படகை ஒரு பட்டறையில் விடப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

முதல் நாள் இன்ஜின் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாயை மாட்டிவிட்டுத்தான் ஓட்டினேன். புகையே இல்லை, சத்தமும் சீராக இருந்தது. சந்தோஷப்பட்டேன். அந்தப் புகை இல்லாததே முதல் அறிகுறி என்று அப்போது எனக்குத் தெரியாது. சிலிண்டருக்குள் ஃபாகிங் ஆயில் அடித்து மூடிய இன்ஜின், முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகையைக் கொட்டும். உள்ளே படிந்த எண்ணெய் எரிந்து தீரும் வரை விடாது.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். படகின் அடியில் சொட்டுச் சொட்டாக ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன். புகை வெளியேறும் பாதையான மேனிஃபோல்டுக்குக் கீழே, இன்ஜினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கின் பக்கவாட்டில், ஒரு சாண் நீளத்துக்கு, தலைமுடி கிடப்பது போல ஒரு கோடு. அந்தக் கோடு முழுக்க நீர் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. உடனே அணைத்துவிட்டு டிப்ஸ்டிக்கை உருவினேன். ஆயில் மட்டம் குறியைத் தாண்டி ஏறியிருந்தது, நிறம் பால் ஊற்றிய காபி. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, அப்படியென்றால் உள்பக்கமும் வெடித்திருக்கிறது. எட்டு வருஷம் பார்த்துப் பார்த்து வைத்திருந்த இன்ஜின். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆயில் ஃபில்டரில், போன வருஷம் நானே மாற்றியபோது மார்க்கர் பேனாவால் எழுதிய தேதி அப்படியே இருந்தது. என் கையெழுத்து. அழியக்கூட இல்லை. பிளாக்கின் இரண்டு பக்கமும் இருக்கும் ட்ரெயின் பிளக்குகளை, அதாவது தண்ணீர் வடிக்கக் கழற்றும் அடைப்பான்களைப் பார்த்தேன். பிளக்கையும் பிளாக்கையும் சேர்த்து மூடியிருந்த பழைய பெயின்டில் ஒரு கீறல் இல்லை. ஸ்பானர் பட்டிருந்தால் அந்தப் பெயின்ட் உடைந்திருக்கும். கியர் ஆயில் கறுத்துப்போய் வந்தது. பேட்டரியைக் கழற்றியதாக பில் சொல்கிறது, ஆனால் டெர்மினலில் பூத்திருந்த பச்சை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

வேறொரு மெக்கானிக்கை அழைத்துக் காட்டினேன். என்ன நடந்திருக்கும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். வெளித்தண்ணீரையே இழுத்துக் குளிர்விக்கும் இன்போர்டு, ஸ்டெர்ன்டிரைவ் வகை இன்ஜின் (இரண்டுமே படகுக்குள் இருப்பவை) வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். இன்ஜின் பிளாக்குக்குள் இருக்கும் நீர்ப்பாதையில் அது பெருக இடம் கிடையாது, வார்ப்பிரும்புக்கு வளையவும் தெரியாது. ஆகவே உறைபனி வருவதற்குள் அந்தத் தண்ணீர் வெளியே போயாக வேண்டும். சரியான வழி, பிளாக்கிலும் மேனிஃபோல்டுகளிலும் இருக்கும் எல்லா ட்ரெயின் பிளக்கையும் கழற்றி வடிப்பது. கழற்றினால் மட்டும் போதாது. துருவும் மணலும் ஓட்டையை அடைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்தினால்தான் மீதித் தண்ணீர் வரும். அதற்குப் பிறகுதான் ஆன்டிஃப்ரீஸ்.

என் படகில் செய்தது குறுக்கு வழி. ஒரு பக்கெட்டில் பிங்க் ஆன்டிஃப்ரீஸை ஊற்றி, குழாயை அதில் விட்டு, இன்ஜினை ஓட்டி, எக்ஸாஸ்ட் பக்கம் பிங்க் நிறம் வந்ததும் அணைத்திருக்கிறார்கள். ஆனால் இன்ஜின் சூடாகும் வரை தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைப் பொறுத்துத் திறக்கும் வால்வு, மூடியே இருக்கும். அது திறக்காத வரை, இழுக்கப்படும் திரவத்தில் பெரும்பகுதி பிளாக்கைச் சுற்றாமல் மேனிஃபோல்டு வழியாகவே வெளியே போய்விடும். வெளியே பார்ப்பவருக்குப் பிங்க் நிறம் தெரியும். உள்ளே பிளாக் முழுக்கப் பழைய தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் என் பிளாக்கைப் பிளந்தது.

இன்னொன்றும் அவர் சொன்னார். கேனில் பெரிதாக மைனஸ் 50 என்று போட்டிருப்பது ஃபாரன்ஹீட் கணக்கு. அதுவும் குழாய் வெடிக்காது என்ற உத்தரவாதமே தவிர, அந்தக் குளிர் வரை உறையாது என்று அர்த்தமில்லை. அதற்கு வெகு முன்பே கூழ் மாதிரி கெட்டியாகத் தொடங்கிவிடும். உள்ளே மீதம் நிற்கும் தண்ணீரோடு கலந்தால் அந்தப் பாதுகாப்பும் குறையும். அதனால்தான் முதலில் வடிக்க வேண்டும் என்பது. இந்த வேலைக்கு பிராப்பிலீன் கிளைகால் வகையைத்தான் கேட்டு வாங்குங்கள். காரில் ஊற்றும் எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சமே போதும் அதன் உயிரை எடுக்க. தண்ணீரில் விடும் படகில் அதற்கு இடமே கிடையாது.

பட்டறைக்காரரிடம் போனேன். "சார், பிங்க் கலர்ல வெளிய வந்துச்சு, நானே கண்ணால பார்த்தேன்" என்றார். பெயின்ட் உடையாத பிளக்கின் படத்தைக் காட்டினேன். "அப்போ தெர்மோஸ்டாட் கோளாறா இருக்கும்" என்றார். ஃபில்டரைக் காட்டினேன். பையன் மறந்திருப்பான் என்று சொல்லிவிட்டு, பில்லைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். உறைபனியால் வரும் சேதத்துக்குப் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் ஒரு வரி. உறைபனியிலிருந்து காப்பாற்றத்தானே ஐயா உங்களிடம் பணம் கொடுத்தேன் என்று கேட்டேன். பதில் வரவில்லை. இன்ஷூரன்ஸும் கைகொடுக்கவில்லை. பல பாலிசிகளில் உறைந்து வெடிக்கும் சேதம் விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது. உங்கள் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

முடிந்தால் வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். முடியாதென்றால், கழற்றிய பிளக்குகளை ஒரு பையில் போட்டு ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குகள் இதைக் கேட்காமலே செய்வார்கள். பிளக் போடாமல் யாரும் தெரியாத்தனமாகப் படகைத் தண்ணீரில் இறக்கிவிடவும் கூடாது அல்லவா? பழைய ஃபில்டரைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஒப்படைப்பதற்கு முன் ஃபில்டரில் ஒரு குறி போட்டு, பிளக்குகளையும் படம் எடுத்து வையுங்கள். நான் தேதி எழுதியது வேறு காரணத்துக்காக. ஆனால் இன்று என் கையில் இருக்கும் ஒரே உறுதியான ஆதாரம் அதுதான். எரிபொருள் கெடாமல் இருக்க ஃபியூல் ஸ்டெபிலைசர் ஊற்றினால், அது டேங்க்கோடு நிற்காமல் இன்ஜின் வரை போய்ச் சேர, பத்து நிமிஷமாவது ஓட்டினார்களா என்று கேளுங்கள்.

பேட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழு சார்ஜில், அதாவது 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி மைனஸ் 50 டிகிரி செல்சியஸில்கூட உறையாது. சார்ஜ் இறங்கியதோ மைனஸ் 10 வருவதற்குள் உறைந்து பிளந்துவிடும். என்னுடையது பிழைத்தது அதிர்ஷ்டம்தான்.

படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்த பிளாக் பயம் அவ்வளவு இல்லை. மோட்டாரை நேராக இறக்கி வைத்தால் தண்ணீர் தானே வடிந்துவிடும். தூக்கிய நிலையில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது என் படகு இன்ஜின் இல்லாமல் ஸ்டாண்டில் நிற்கிறது. பிளாக் மாற்ற வேண்டும், வெல்டிங் நிலைக்காது என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். நுகர்வோர் புகார் எழுதிக் கொடுத்தாயிற்று. அந்த ஃபில்டரைத் துடைக்காமல், எழுத்து வெளியே தெரியும்படி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பில்லோடு சேர்த்து வைத்திருக்கிறேன். விசாரணைக்குக் கூப்பிடும் நாளில் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறேன்.