சண்டை கேமுக்குப் பேடா, ஸ்டிக்கா, லீவர்லெஸ்ஸா? மதுரையில் மூன்றையும் வைத்து ஆடிப் பார்த்ததில்

சண்டை கேம் ஆட எந்த கண்ட்ரோலர் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கெட்டுப்போனா யாரு பிரிச்சுப் பார்ப்பா?" என்பதுதான். எது வேகம், எது சாம்பியன்கள் கையில் இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம். மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஒரு கண்ட்ரோலரை வருடக்கணக்கில் ஆட வேண்டும் என்றால், வெயில், வேர்வை, தூசி மூன்றையும் அது தாங்க வேண்டும். தாங்காத அன்று டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் கிடைக்கும் பாகத்தை வைத்து நாமே சரிசெய்ய முடிய வேண்டும். இரு கையில் பிடிக்கும் பேட், மடியில் வைத்து லீவரைத் திருப்பும் ஸ்டிக், லீவருக்குப் பதில் பட்டன்களே உள்ள லீவர்லெஸ் மூன்றும் என் வீட்டில் இருக்கின்றன. ஆடுவது பெரும்பாலும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, அவ்வப்போது டெக்கன் 8.

கண்ட்ரோலருக்குக் காசு போடும் முன் காசில்லாமல் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. டிவியில் கேம் மோட் போடுங்கள். படத்தை மெருகேற்றும் வேலைகளை டிவி நிறுத்திவிட்டால் பட்டனை அமுக்குவதற்கும் திரையில் அடி விழுவதற்கும் உள்ள இடைவெளி நன்றாகவே குறையும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 செட்டிங்ஸிலேயே உள்ளீட்டுத் தாமதத்தைக் குறைக்கும் தேர்வு இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். இந்த கேம்கள் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகின்றன, ஒரு ஃபிரேம் என்பது சுமார் 16.7 மில்லி செகண்ட். மோசமான டிவி மோடில் அப்படிப் பல ஃபிரேம்கள் பறிபோகும். அதை எந்த விலை ஸ்டிக்கும் திருப்பித் தராது.

இனி பேட். பிஎஸ்5-உடன் வரும் டூயல்சென்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது தனியாக 5,990 ரூபாய். கன்சோல் வாங்கியவர் கையில் ஒன்று ஏற்கெனவே இருக்கும். ஆரம்பிக்கிறவர் அதிலேயே ஆரம்பிக்கலாம், அதில் குறைச்சலே கிடையாது. 2014-ல் ஈவோ என்ற சண்டை கேம் போட்டியில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை வென்ற பிரான்ஸ் நாட்டு லஃபி ஆடியது பழைய பிஎஸ்1 பேடில். இதைக் கேட்டால் நம்ப மாட்டேன் என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பேடில் ஆடுவதென்றால் கட்டைவிரலால் சாய்க்கும் அனலாக் ஸ்டிக்கை விட்டுவிட்டு, சிலுவை வடிவத் திசைப் பட்டனான டி-பேடுக்கு வந்துவிடுங்கள். காரணம் இரண்டு. ஹடோக்கன் என்ற பந்து வீசும் அடிக்குக் கீழ், கீழ்-முன், முன் என்று கால் வட்டம் போடும்போது அனலாக் ஸ்டிக் எங்கே கீழ் முடிந்து எங்கே மூலை தொடங்கியது என்று விரலுக்குச் சொல்லாது. டி-பேட் சொல்லும். அடுத்து, வழக்கமான அனலாக் ஸ்டிக்குக்குள் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். தடத்தின் மேல் உரசி உரசித்தான் அது திசையை அளக்கிறது. தேயத் தேய, விரல் படாமலே பாத்திரம் நடக்கத் தொடங்கும். டிரிஃப்ட் என்று எல்லோரும் சலித்துக்கொள்வது இதைத்தான். சண்டை கேமில் ஸ்டிக்கைத் தொடாமலே ஆடினால் அந்தத் தேய்மானம் வெகுவாகத் தள்ளிப்போகும்.

டி-பேடுக்கும் ஆயுள் உண்டு. அடியில் ரப்பர் மெம்பிரேன், அதன் கீழ் கார்பன் தொடுபுள்ளி. நான் கொஞ்ச காலம் வைத்திருந்த ஆறு பட்டன் பேட் ஒன்றில் (நிறுவனத்தின் பெயர் வேண்டாம்) கீழ்-முன் மூலை மட்டும் விட்டுவிட்டு விழ ஆரம்பித்தது. சித்திரை மாதத்து வெயிலில் கட்டைவிரல் வேர்வை பிளாஸ்டிக் இடுக்கில் இறங்கி, அதில் தூசி ஒட்டி, உள்ளே மாவு மாவாகப் படிந்திருந்தது. பிரித்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்ததும் ஓடியது. ரப்பர் கிழிந்திருந்தால்தான் தலைவலி, அதே அளவில் அந்த மாடல் ரப்பரை ஊருக்குள் தேடிப் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பேடைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ஆறு அடிகளில் (மூன்று குத்து, மூன்று உதை) கனமான குத்தும் உதையும் தோள்பட்டன்களுக்குப் போவதும் பேடின் இன்னொரு சங்கடம். டிரைவ் இம்பாக்ட் என்ற பலத்த அடிக்குக் கனமான குத்து, கனமான உதை இரண்டையும் சேர்த்து அமுக்க வேண்டும். அதை ஒரே பட்டனுக்கு மாற்றி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. அக்கா மகன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் உள்ள 'மாடர்ன்' என்ற எளிய முறையில் ஆடுகிறான். சுழற்றாமல் ஒரே பட்டனில் ஹடோக்கன் மாதிரியான ஸ்பெஷல் அடி வரும், அப்படி எளிதாகப் போட்டால் அடியின் வலு 20 சதவீதம் குறையும். மாடர்னில் ஆடுகிறவருக்கு ஸ்டிக் செலவே தேவையில்லை, பேட் தாராளமாகப் போதும்.

ஸ்டிக் விஷயத்துக்கு வந்தால் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. தொண்ணூறுகளில் ஊருக்குள் வீடியோ கேம் கடைகளில் நின்றவர்களுக்குக் கை முதலில் பழகியது லீவரில்தான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, 'முஸ்தபா' என்றே எல்லோரும் கூப்பிட்ட கெடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் எல்லாம் அந்த மரப்பெட்டிகளில்தான். அந்தக் கையோடு வருகிறவருக்கு லீவர் பிடித்ததும் தோள் தளர்ந்துவிடும். புதிதாக வருகிறவருக்கு அந்த உறவு இல்லை. அவர் வெறும் ஆசைக்கு ஸ்டிக் வாங்கினால் டிராகன் பஞ்ச் என்ற எம்பிக் குத்தும் அடி ஒழுங்காக விழவே மாதக்கணக்காகும். ஆசை பெரிதென்றால் வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன்.

லீவரில் இரண்டு வம்சம். ஜப்பான் வகைக்கு சன்வா ஜேஎல்எஃப் நல்ல உதாரணம். தலையில் உருண்டை, அடியில் லீவர் நகரும் எல்லையைக் கட்டும் சதுர வாசல். மூலைக்குத் தள்ளினால் டக்கென்று உட்காரும், அதனால் குனிந்தபடி காவல் காப்பது சுலபம். கொரிய வகையில் சதுரமும் இல்லை மூலையும் இல்லை, நடுவில் ஒரு ரப்பர் வளையம் லீவரை இழுத்துப் பிடித்திருக்கும். விட்டதும் நடுவுக்கு ஓடி வரும். டெக்கன் ஆடுகிறவர்கள் அதைத் தேடுவது இதற்காகத்தான். முன், நடு, கீழ், கீழ்-முன் என்று போகும் மின்னல் குத்துக்கு அந்த 'நடு' சுத்தமாக வர வேண்டும், கடைசித் திசையும் குத்து பட்டனும் ஒரே ஃபிரேமில் விழ வேண்டும்.

இரண்டுக்கும் அடியில் இருப்பவை மைக்ரோ சுவிட்சுகள், திசைக்கு ஒன்றாக நான்கு. கைமாறி என்னிடம் வந்த ஸ்டிக்கில் கொரிய வகை லீவர். ஆடிக்கொண்டிருக்கும்போது இடது திசை இரட்டையாக விழ ஆரம்பித்தது, பின்னால் நடக்கப் போனால் பாத்திரம் பின்னால் தாவியது. அடித்தகட்டில் ஆறு திருகுகளைக் கழற்றி, கிளிப்பை உருவி, சுவிட்சை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது மைக்ரோவேவ் கதவுக்குப் போடுற சுவிட்ச்சுல்ல தம்பி? நாலஞ்சு தினுசு கிடக்கு, அமுக்கிப் பார்த்து எடுத்துக்கங்க" என்று ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். அளவெல்லாம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொன்றும் அமுங்கும் வலு வேறு. மேலே தகடு நாக்கு இல்லாததாக, மிக லேசாக அமுங்குவதாகப் பார்த்து நான்கு எடுத்தேன். ஒன்று மட்டும் மாற்றினால் இடதுக்கு ஒரு கனம், வலதுக்கு ஒரு கனம் என்றாகிவிடும், அதனால் நான்கையும் மாற்றினேன். இப்போதும் அதே சுவிட்சுகள்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே, நீண்ட காலம் ஆடப் போகிறேன் என்று முடிவாகச் சொல்பவருக்குப் பிரித்து மாற்றக்கூடிய ஸ்டிக்கையே நான் சொல்கிறேன். பட்டன்களும் அப்படித்தான். 30 மி.மீ. துளையில் உட்காரும் சன்வா வகை பட்டனில் இரண்டு காலுக்கு இரண்டு 2.8 மி.மீ. கிளிப், சால்டரிங்கே வேண்டாம்.

லீவரை டம்ளரைப் பிடிப்பது போல விரலிடுக்கில் தாங்கிப் பிடிக்கலாம், மேலிருந்து உருண்டையைக் கவ்வியும் பிடிக்கலாம், கை எதைக் கேட்கிறதோ அது. உட்காருவதுதான் சிக்கல். தரையில் சம்மணம் போட்டு மடியில் வைத்தால் எடையுள்ள ஸ்டிக் அசையாமல் நிற்கும், லேசான விலை மலிந்த பெட்டி ஒவ்வொரு சுழற்றலுக்கும் நகரும். வாங்கும்போது தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் நல்லது. சத்தமும் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹாலில் லீவரைத் தட்டினால் உள்ளறையில் அம்மாவுக்குத் தூக்கம் போகும். அக்கா மகன் அந்தச் சத்தத்தை வைத்தே என்னைப் படிக்கிறான்: "மாமா, படபடன்னு கேட்டுச்சுன்னா டிராகன் பஞ்ச் வருதுன்னு காவல் போட்டுருவேன்." சத்தம் குறைந்த பட்டன்களும் வருகின்றன, அடுக்கு வீட்டில் இருப்பவர் அதையே பார்க்கலாம்.

லீவர்லெஸ் என்பது லீவருக்குப் பதிலாக நான்கு திசைக்கும் பட்டன்களே உள்ள பெட்டி. ஹிட் பாக்ஸ் நிறுவனம் பிரபலப்படுத்திய அமைப்பு: இடது, கீழ், வலது மூன்றும் இடக்கை விரல்களுக்கு, குதிப்பதற்குக் கட்டைவிரலின் அடியில் ஒரு பெரிய பட்டன். திசையிலிருந்து திசைக்கு லீவர் நகரும் தூரம் இதில் கிடையாது. கால் வட்டத்துக்குக் கீழை அமுக்கு, கூடவே வலதை அமுக்கு, கீழை விடு, முடிந்தது. மணிக்கட்டு வலி உள்ளவருக்கும் இது நல்லது. சாங்கீஃப் மாதிரிச் சுழற்றிப் பிடிக்கிற பாத்திரம் ஆடுகிறவர்கள் மட்டும் லீவரிலேயே இருந்துகொள்ளலாம், முழு வட்டத்தை விரல் விரலாகப் போடுவது எனக்கு இன்றும் ஒட்டவில்லை.

லீவரில் நடக்கவே முடியாத ஒன்று இதில் நடக்கும்: இடதையும் வலதையும் ஒரே நேரத்தில் அமுக்கலாம். கேமுக்கு எதை அனுப்புவது என்பதைக் கண்ட்ரோலர்தான் தீர்மானிக்கிறது. கடைசியாக அமுக்கியது ஜெயிக்கும் என்று வைத்தால், கைல் என்ற பாத்திரத்தை ஆடுகிறவர் பின்னால் பிடித்த விரலை எடுக்காமலே முன்னால் தட்டி, குத்தோடு சோனிக் பூம் என்ற வீச்சை விட்டுவிடுவார், விட்ட கையோடு காவலும் நிற்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் போட்டித் தொடரான காப்காம் புரோ டூரின் 2023 விதிகள் ஒரு திசை மற்றதை வெல்லும் இந்த ஏற்பாட்டை மறுத்தன. இரண்டும் சேர்ந்தால் நடுநிலை, அதாவது எந்தத் திசையும் போகாது என்றே வைத்துப் பழகுங்கள். நாளைக்கு எந்தப் போட்டிக்குப் போனாலும் கையை மாற்ற வேண்டியிருக்காது.

என்னுடைய லீவர்லெஸ் சொந்தமாகச் செய்தது. அக்ரிலிக்கில் பெயர்ப்பலகை வெட்டும் கடையில் லேசர் மெஷின் இருக்கும். துளைகளின் படத்தைப் பென் டிரைவில் கொண்டுபோனால் 24, 30 மி.மீ. துளைகளோடு பலகை வெட்டித் தந்துவிடுவார்கள். உள்ளே ராஸ்பெரி பை பிக்கோ என்ற குட்டி சர்க்யூட் போர்டு, சில நூறு ரூபாய்தான். அதில் ஜிபி2040-சிஇ என்ற, போர்டை இயக்கும் இலவச மென்பொருளை (ஃபர்ம்வேர்) ஏற்றினால் கண்ட்ரோலர் தயார். நான் அதை லேப்டாப்பில் பிசி பதிப்புக்கு வைத்திருக்கிறேன். கன்சோலுக்கு வரும்போது கவனம் தேவை. பிஎஸ்4-ல் அங்கீகாரச் சாவி இல்லாத போர்டு எட்டு நிமிடத்தில் துண்டித்துக்கொள்ளும், பிஎஸ்5-ல் நிலைமை இன்னும் கறார். அதற்கென விற்கும் கன்வெர்ட்டரோ, பிஎஸ்5 அங்கீகாரம் உள்ள பெட்டியோதான் வழி. பிஎஸ்4 பேட் பிஎஸ்5 கேமில் ஓடாது. பழைய பிஎஸ்4 ஸ்டிக்கைச் சில சண்டை கேம்கள் மட்டும் ஏற்றுக்கொள்ளும். உங்கள் கேமுக்கு அது பொருந்துமா என்று விசாரித்த பிறகே பணத்தை எடுங்கள்.

நண்பர்கள் வீட்டில் கூடி ஆடும்போது பேட்காரர்கள் வயரைப் போட்டு ஆடுங்கள். பிஎஸ்5-ல் துணைக்கருவிகள் பகுதியில் யூஎஸ்பி வழியாகப் பேசும்படி மாற்றலாம். புளூடூத்தில் இணைந்தபடி பையில் கிடக்கும் பேடின் பிஎஸ் பட்டன் அமுங்கினால், அடுத்தவர் ஆட்டம் பாதியில் நிற்கும்.

வெளிநாட்டிலிருந்து ஸ்டிக் வரவழைத்தால் சுங்கமும் கூரியரும் சேர்ந்து விலை எங்கோ போய் நிற்கிறது, அதனால் கைமாறிய ஸ்டிக்கைத் தேடுவதில் தப்பில்லை. பார்க்கப் போகும்போது கன்சோலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 பயிற்சி மோடில் உள்ளீட்டு வரிசையைத் திரையில் காட்ட வைத்து, ஒவ்வொரு திசையையும் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். அம்புக்குறி பிடித்த இடத்திலேயே நின்று பக்கத்து எண் ஏறிக்கொண்டே போக வேண்டும், நடுவில் விட்டுவிட்டு வந்தால் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. மூலைகளையும் அப்படியே பாருங்கள். பிறகு பெட்டியைக் கவிழ்த்து அடித்தகட்டின் திருகுகளைப் பாருங்கள். தலை தேய்ந்திருந்தால் யாரோ ஏற்கெனவே பிரித்திருக்கிறார்கள். உள்ளே எதை மாற்றினீர்கள் என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.