படிக்கட்டு லைட்டுக்கு ஸ்மார்ட் டிம்மர் மாட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு மாட்டுங்கள்

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீடு. படிக்கட்டு லைட்டுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு டூ வே சுவிட்ச் இருந்தன. வீடு கட்டிய நாளிலிருந்து ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. அமுச்சிக்கு (பாட்டிக்கு) கண் ஆபரேஷன் ஆனபிறகு ராத்திரி வெளிச்சம் கூசுகிறது என்றார். குறைத்து எரிய விடலாமே என்றுதான் ஸ்மார்ட் டிம்மர் பக்கம் போனேன். கோயமுத்தூரில் ஒரு கடை. கீழே ஒரு பேனல், மேலே ஒரு பேனல், மாட்டுக்கூலியோடு 14,500 ரூபாய். வந்த ஆள் முக்கால் மணி நேரத்தில் மாட்டி, போனில் எரிய வைத்துக் காட்டிவிட்டுக் கிளம்பினார்.

நாலாம் நாள் காலையில் அமுச்சி, "ராத்திரி பூரா கவுளி சொல்லுது கண்ணு, எந்தப் பக்கம்னே தெரியல" என்றார். அவர் கட்டில் படிக்கட்டுச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அன்றைக்கு நானே அங்கே பாய் போட்டுப் படுத்தேன். கவுளி இல்லை, சுவருக்குள் இருந்து 'டிக்'. கொஞ்ச நேரம் கழித்து 'டிக் டிக்'. ரெண்டு மணி வாக்கில் ஏழெட்டு டிக் சேர்ந்தாற்போல வந்தது, லைட் மினுக்கிவிட்டு அணைந்தது. யாரும் சுவிட்சைத் தொடவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். "ரிலேன்னா சத்தம் வரும் சார், நார்மல்தான்." மறுபடி கூப்பிட்டால், "உங்க ஏரியால கரண்டே சரியில்லைங்க." மூன்றாவது தடவை ஆள் வந்து பேனலை மாற்றி, 600 ரூபாய் வாங்கிக்கொண்டு, சர்வீஸ் சீட்டில் 'நார்மல்' என்றே எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் நானும் ரெண்டு வாரம் ஏமாந்தேன். ரிலே ஒரு சின்னக் காந்த சுவிட்ச். காயிலில் கரண்ட் போனால் உள்ளே ஒரு தகடு இழுபட்டு ஒட்டும், அப்போது ஒரு டிக். விட்டால் இன்னொரு டிக். லைட்டைப் போடும்போதும் நிறுத்தும்போதும் அது வரத்தான் செய்யும். குறைத்து எரியும்போது பல்ப்போ பேனலோ 'ம்ம்ம்' என்று முனகினால் அது வேறு சமாசாரம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டிம்மர் அதை நொடிக்கு 100 தடவை வெட்டித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. டிம் ஆகாத சாதாரண எல்இடி பல்ப்பைப் போட்டால் முனகல் அதிகமாகும். என்ன பல்ப் மாட்டியிருக்கிறீர்கள் என்று அந்தக் கடையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் கை வைக்காமல் தானாக அடிக்கிற டிக் நார்மல் கிடையாது. ஒவ்வொரு தடவையும் உள்ளே சின்னதாகப் பொறி தெறிக்கிறது. நாளாக ஆகக் காண்டாக்ட் தீய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் லைட் அணையவே அணையாது.

கடைசியில் எங்கள் வீட்டுக்கு முதலில் வயரிங் செய்த அண்ணனைக் கூப்பிட்டேன். மேல் பேனலைக் கழற்றி, கீழே இறங்குகிற ஒரு வயரில் டெஸ்டரை வைத்தார், மங்கலாக எரிந்தது. அதே வயரில் ஹோல்டரும் குண்டு பல்ப்புமாக இருக்கிற டெஸ்ட் லேம்ப்பை வைத்தார், எரியவில்லை. "பாத்தீங்களாங் தம்பி, இது இன்டக்ஷன்" என்றார். பழைய டூ வே வயர் ரெண்டும் ஒரே பைப்பில் 40 அடி ஒட்டி ஓடுகின்றன. ஒன்றை மேல் பேனலுக்குப் பேஸாக (கரண்ட் வருகிற வயராக) ஆக்கிவிட்டு, மற்றதைக் கீழ் பேனலுக்குச் சிக்னல் வயராக வைத்திருக்கிறார்கள். சும்மா தொங்குகிற வயரில் பக்கத்துப் பேஸிலிருந்து வோல்டேஜ் ஏறுகிறது; மேலே யாரோ அமுக்கிவிட்டார்கள் என்று நினைத்துக் கீழே ரிலே அடித்துக்கொள்கிறது.

அவர் அப்புறம் காட்டியதுதான் என்னை உட்கார வைத்தது. மேல் சுவிட்ச் பெட்டியில் நியூட்ரலே (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) கிடையாது. பழைய டூ வே சுவிட்சுக்கு அது தேவைப்படாது, ஸ்மார்ட் பேனலுக்கு வேண்டும். மாட்டிய ஆள் இரும்புப் பெட்டியின் பச்சை எர்த் வயரைப் பிடித்து நியூட்ரல் ஸ்க்ரூவில் முடுக்கியிருந்தார். பேனல் எடுப்பது சில மில்லி ஆம்பியர்தான், கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற எங்கள் ஆர்சிசிபி சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர். அதனால் ட்ரிப் ஆகிக் காட்டிக்கொடுக்கவில்லை. எர்த் எங்காவது விட்டுப்போயிருந்தால் அந்தப் பெட்டியிலும், அதே எர்த்தில் இருக்கிற பிரிட்ஜிலும் வாஷிங் மெஷினிலும் கரண்ட் வந்து நின்றிருக்கும். அமுச்சி ஈரக் கையோடு பிரிட்ஜைத் திறக்கிறவர்.

அதைப் போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பினேன். பதில்: "எல்லா வீட்லயும் இப்படித்தான் சார் போடுறோம்."

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான். அப்படியானால் எத்தனை வீட்டில் இப்படி இருக்கிறதோ!

மாட்டத்தான் வேண்டும் என்றால், மாட்டுவதற்கு முன்பே ரெண்டு பெட்டியையும் திறந்து நியூட்ரல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் புது வயர் இழுக்க வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்தே விலை கேளுங்கள். டூ வே இடத்துக்கு இந்த மாடல் பொருந்தும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நான் வாங்கவில்லை, அதனால்தான் இப்போது அவர்கள் என் வீட்டு வயரிங்கைக் குறை சொல்கிறார்கள்.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைனில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் இருந்தால் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். படிக்கட்டில் பழைய சுவிட்சுகளே திரும்ப வந்துவிட்டன. அமுச்சிக்குக் கட்டில் பக்கத்தில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்ப்.

கோபி, சத்தி, அந்தியூர் பக்கம் சமீபத்தில் இப்படி ஸ்மார்ட் பேனல் மாட்டியவர்கள், தயவுசெய்து மெயினை ஆஃப் செய்து, லைசென்ஸ் இருக்கிற வயர்மேனை வைத்து மேல் பெட்டியைத் திறந்து பாருங்கள். நியூட்ரல் ஸ்க்ரூவில் பச்சை வயர் இருந்தால் அன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.