கேம் போட்டால் அணையும் கம்ப்யூட்டர்: சென்னையில் பார்த்த இரண்டு சர்வீஸ்

மூன்று வருஷம் கழித்து மே மாதம் டொராண்டோவிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். குரோம்பேட்டையில் அக்கா வீடு. பெட்டியை இறக்கி வைப்பதற்குள் அக்கா மகன், "மாமா, கேம் ஆடினா பத்து நிமிஷத்துல சிஸ்டம் ஆஃப் ஆயிடுது, வந்து பாருங்க" என்று இழுத்துக்கொண்டு போனான். ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கிராபிக்ஸ் கார்டு போட்ட சிஸ்டம். படம் பார்த்தால் ஒன்றும் ஆகாது, கேம் போட்டால் மட்டும் விண்டோஸ் தடுமாறினால் வரும் நீலத் திரைகூட வராமல் பட்டென்று அணைந்து, தானே திரும்ப ஆன் ஆகும்.

நான் வருவதற்கு முன்பே பக்கத்துத் தெருக் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்திருக்கிறார். வந்துபோக 500, விண்டோஸ் புதிதாகப் போட 1,000. இரண்டே நாளில் பழையபடி அணைய ஆரம்பித்ததும், மதர்போர்டு போச்சு, 9,000 ஆகும் என்று சொல்லிவிட்டாராம். பணம்கூடப் போகட்டும். ஃபார்மட் அடிக்கும் முன் எதையும் காப்பி எடுக்கவில்லை, டெஸ்க்டாப்பில் பையன் சேர்த்து வைத்திருந்த இரண்டு வருஷத்து ஓவியங்கள் மொத்தமும் போய்விட்டன. அதைச் சொல்லும்போது அவன் குரல் கம்மிவிட்டது. "முக்கியமான ஃபைல் ஏதாவது இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

விண்டோஸ் குறித்து வைக்கும் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். அணைந்த ஒவ்வொரு முறைக்கும் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு. அது காரணத்தைச் சொல்லாது, சிஸ்டம் முறைப்படி ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டும்தான் சொல்லும். ஆனால் அதற்குள்ளே பக்செக் கோடு, அதாவது விண்டோஸ் தடுமாறி நின்றால் பதியும் பிழை எண், பூஜ்யம் என்று இருந்தது. விண்டோஸோ டிரைவரோ தடுமாறி நின்றிருந்தால் பெரும்பாலும் அங்கே ஒரு எண் இருக்கும், பூஜ்யம் என்றால் முதலில் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும். சூட்டையும் பார்த்தேன், கார்டு 72 டிகிரி. கத்திரி வெயிலுக்கு அது ஒன்றும் அதிகமில்லை. சரி, கேபினட்டைத் திறக்கலாம் என்று கை வைத்தால் விரலில் சுருக்கென்றது. டெஸ்டரை வைத்தேன், எரிந்தது.

மறுநாள் மீனம்பாக்கத்தில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். மாடியில் ஒரு சின்னக் கடை. அங்கிருந்தவர் எதையும் கழற்றவில்லை, முதலில் எப்போது அணைகிறது, எத்தனை நிமிஷத்தில், வேறு பிளக்கில் மாட்டிப் பார்த்தீர்களா என்று பையனிடம் கேட்டார். அப்புறம் தன் மேஜையில் இருந்த 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியை, வெளியே வைத்து இணைத்து, கார்டுக்கு முழு லோடு கொடுத்தார். 40 நிமிஷம் ஓடியது. பழையதை மாட்டினார், ஆறாவது நிமிஷத்தில் அணைந்தது. "நீங்களே பாத்துக்கோங்க சார்" என்று பழைய பெட்டியின் லேபிளைத் திருப்பிக் காட்டினார். மேலே பெரிதாக 450 வாட். கீழே 12 வோல்ட் வரியில் 18 ஆம்பியர், அதாவது வெறும் 216 வாட். கார்டும் பிராசசரும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான், அதில் 3060 மட்டுமே 170 வாட் வரை கேட்கும். புது 550 வாட் 4,200 ரூபாய், பில்லோடு ஐந்து வருஷ வாரண்டி. சோதித்ததற்கும் மாட்டியதற்கும் தனியாக எதுவும் வாங்கவில்லை. இப்படி வேலை தெரிந்த ஒருவர் கிடைத்தால் விடக்கூடாது.

வீட்டு எலக்ட்ரீஷியனையும் வரச் சொன்னேன். சுவிட்ச் பாக்ஸைத் திறந்தால் எர்த்துக்கான பச்சை ஒயர் எதிலும் சேராமல் சுருட்டி உள்ளே தள்ளியிருந்தது. சிஸ்டம் அணைந்ததற்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ் ஃபில்டரில் கசியும் கரண்ட் கேபினட்டிலேயே நிற்கும், தொட்டால் சுருக்கென்றுதான் இருக்கும். 350 ரூபாயில் முடிந்தது. இப்போது டெஸ்டர் எரிவதில்லை. நம் வீடுகளில் மூன்றாவது பின் எத்தனை இடத்தில் பேருக்கு மட்டும் இருக்கிறதோ, தயவுசெய்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நான் கிளம்பும்வரை இரண்டு வாரமும் சிஸ்டம் ஒருமுறைகூட அணையவில்லை. ஓவியங்களுக்கு ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தோம், அழித்ததை எஸ்எஸ்டி பெரும்பாலும் தானே துடைத்துவிடும் என்பதால் ஒன்றும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் சிநேகிதர்களுக்கு அனுப்பியிருந்த 11 மட்டும் கிடைத்தது. அவற்றை ஒரு பென்டிரைவில் போட்டு அக்காவின் பீரோவில் வைத்துவிட்டு வந்தேன்.